சுழலும் கூரையா, உருளும் கூரையா: கொல்லைப்புறத் தொலைநோக்கிக்கு எந்த வீடு?

தொலைநோக்கி வாங்கி ஓரிரு வருடம் ஆனவர்கள் பலரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். முக்காலியை விரித்து, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டைத் தூக்கி வைத்து, துருவ நட்சத்திரத்துக்கு நேர்செய்து, வயர்களை மாட்டி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. அதற்குள் மேகம் வந்துவிடும். மேகம் வராவிட்டால் தூக்கம் வரும். பேசாமல் நிரந்தரமாக ஒரு தூணை நட்டு அதற்கு மேல் கூரை போட்டுவிட்டால் என்ன? போடலாம். எந்தக் கூரை என்பதில்தான் சிக்கல்.

வான்நோக்குக் கூடம் என்றதும் மனசில் வருவது பிளவு வைத்த வெள்ளைக் குவிமாடம்தான். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதை நினைத்துத்தான் பிளைவுட்டில் பன்னிரண்டு பக்கமுள்ள ஒரு சுழலும் கூரையைக் கட்டினேன். அப்புறம் ஒரு நண்பருக்கு, மொத்தமாகப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் உருளும் கூரை கட்டக் கைகொடுத்தேன். இப்போது கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு உருளும் கூரையைத்தான் சொல்கிறேன், நானே சுழலும் கூரைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு. ஏன் என்பது கீழே. யாருக்குச் சுழலும் கூரைதான் சரி என்பதும் கீழே.

## எதை வைத்து அளப்பது

கூரையின் அழகைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, கொல்லையில் தொலைநோக்கி நிற்கப்போகும் இடத்தில் இருட்டிய பிறகு ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். இரண்டு விஷயங்கள் தெரியவரும். பக்கத்து வீட்டு மாடி விளக்கோ தெருவிளக்கோ நேராகக் கண்ணில் அடிக்கிறதா? காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில் வருகிறது? மற்ற எல்லாவற்றையும்விட இந்த இரண்டும்தான் கூரையைத் தீர்மானிக்கின்றன.

அடுத்து, நீங்கள் செய்யும் வேலை. கோள்களைக் கண்ணால் பார்ப்பவருக்குத் தொலைநோக்கியைச் சுற்றியுள்ள காற்று சீக்கிரம் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் வியாழன் கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளியும். விண்வெளியின் வாயு மேகங்களான மங்கலான நெபுலாக்களை ஐந்து மணி நேரம் படம் பிடிப்பவருக்குக் காற்றும் பனியும் விளக்கு வெளிச்சமும்தான் எதிரி. நண்பர்களையும் குழந்தைகளையும் கூட்டி வைத்துக் காட்டுபவருக்கு உள்ளே இடம் வேண்டும்.

அப்புறம் நிலத்தின் அளவு, மழை, கட்டுபவரின் கை, பத்து வருடப் பராமரிப்பு. கூரையைத் திறந்து முதல் நட்சத்திரத்தைப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பத்து நிமிடத்தைத் தாண்டினால் முக்காலியிலேயே இருந்திருக்கலாம்.

பெரிய கூடங்களைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றால் அங்கேயும் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவில் பாலோமரில் 5 மீட்டர் தொலைநோக்கியின் மேல் சுமார் 42 மீட்டர் விட்டமும் 1000 டன் எடையும் கொண்ட குவிமாடம் சுழல்கிறது. அதே நாட்டில் அப்பாச்சி பாயிண்டில் உள்ள, வானத்தை வரைபடமாக்கும் ஸ்லோன் ஆய்வின் 2.5 மீட்டர் தொலைநோக்கிக்குக் குவிமாடமே கிடையாது. அதை மூடியிருக்கும் கட்டடம் தண்டவாளத்தில் விலகிப் போய்விடும். ஸ்பெயினின் லா பால்மா தீவில் உள்ள லிவர்பூல் தொலைநோக்கியின் கூரை சிப்பிபோல் இரண்டாகத் திறந்து முழுவதும் கீழே இறங்கிவிடும். சிலியில் லா சில்லாவில் உள்ள என்டிடி (நியூ டெக்னாலஜி டெலஸ்கோப்) தொலைநோக்கிக்கோ கட்டடமே கூடச் சேர்ந்து சுற்றுகிறது.

## ஆயத்தக் குவிமாடம்

ஃபைபர்கிளாஸில் அச்சு வார்த்து நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளாக வரும். போல்ட் போட்டு இணைத்து, இணைப்புகளில் சீலன்ட் பூச வேண்டும். வட்டம் வட்டமாகவே இருக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அடுத்த பகுதியைப் படித்தால் புரியும்.

பயன் என்று பார்த்தால், காற்றைத் தடுப்பதிலும் வெளிச்சத்தைத் தடுப்பதிலும் இதற்கு ஈடு கிடையாது. பனியும் தாமதமாகத்தான் படியும். தொலைநோக்கியின் மேல் பனி படியக் காரணம், அது தன் வெப்பத்தைக் குளிர்ந்த வானத்துக்குக் கதிர்வீசி இழந்து சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துபோவதுதான். குவிமாடத்துக்குள் இருக்கும் தொலைநோக்கிக் குழாய்க்கு வானத்தின் ஒரு கீற்று மட்டுமே தெரிகிறது. இழப்பும் அதற்கேற்பக் குறைவு.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். ஃபைபர்கிளாஸ் துண்டுகள் எடையில் லேசு, உருவத்தில் பெரிசு. ஆகவே லாரிச் செலவு கணக்கைக் கெடுக்கும். குறுகிய சந்தில் வீடு என்றால் கொல்லைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று வாங்குவதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள். இரண்டாவது செலவு தானியங்கி ஏற்பாடு. படம் பிடிப்பவர் தூங்கப் போக வேண்டுமானால் கூரை தொலைநோக்கியைத் தானே பின்தொடர வேண்டும். அதற்கு மோட்டார், கூரையின் நிலையைச் சொல்லும் என்கோடர், இரண்டையும் ஒத்திசைக்கும் மென்பொருள் எல்லாம் வேண்டும். திறப்பை மூடும் ஷட்டரும் மோட்டாரில் இயங்க வேண்டுமானால் இன்னொரு தலைவலி: ஷட்டர் சுழலும் கூரையில் இருக்கிறது, மின்சாரம் நிலையான சுவரில் இருக்கிறது. வயர் முறுக்கிக்கொள்ளும். கூரையிலேயே பேட்டரியும் சிறு சூரியத்தகடும் வைப்பார்கள், அல்லது குறிப்பிட்ட ஒரு நிலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும் மின்தொடர்பு வைப்பார்கள்.

துருவத்தை நோக்கிச் சாய்ந்த அச்சில் சுழலும் ஜெர்மன் ஈக்வடோரியல் மவுண்ட் வைத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். அந்த மவுண்டில் குழாய், தூணின் மையத்தில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். 3 மீட்டர் விட்டமுள்ள கூரையில் குழாய் மையத்திலிருந்து 35 செ.மீ. விலகியிருந்தால், தொலைநோக்கி காட்டும் திசைக்கும் திறப்பு நிற்க வேண்டிய திசைக்கும் 13 பாகைக்கும் மேல் வித்தியாசம் வரலாம். வடக்கிலிருந்து தெற்காக உச்சி வழியே போகும் நடுக்கோட்டைத் தாண்டிக் குழாய் மறுபக்கம் புரண்டதும் அந்த வித்தியாசமும் எதிர்ப்பக்கம் போய்விடும். இதைக் கணக்கில் எடுக்காத மென்பொருளோடு தூங்கப் போனால், காலையில் குவிமாடத்தின் உட்சுவரை அழகாகப் படம் பிடித்திருப்பதைப் பார்க்கலாம்.

## நீங்களே கட்டும் சுழலும் கூரை

அரைக்கோளம்தான் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. சுழல்வதற்கு அடிவளையம் மட்டும் வட்டமாக இருந்தால் போதும். மேலே எட்டுப் பக்கமோ பன்னிரண்டு பக்கமோ தட்டையான பலகைகளை வைக்கலாம். 3 மீட்டர் விட்டத்தில் பன்னிரண்டு பக்கம் என்றால் ஒரு பக்கம் 78 செ.மீ. வரும். திறப்புக்குத் தேவையான அகலமும் கிட்டத்தட்ட அதே என்பதால், ஒரு பக்கத்தை அப்படியே வாயாக விட்டுவிடலாம். அந்த வாயின் இரு கரையிலும் வளையத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும் இரண்டு வளைவுச் சட்டங்கள்தான் கூரையின் முதுகெலும்பு. மற்ற பலகைகள் அவற்றில் சாய்ந்து நிற்கும். திறப்பு உச்சியோடு நின்றுவிடக் கூடாது. உச்சியைத் தாண்டி இன்னும் 30, 40 செ.மீ. போக வேண்டும். இல்லையென்றால் தலைக்கு நேர் மேலே வரும் பொருளைப் பார்க்கக் கஷ்டப்படுவீர்கள். அங்கேதான் வளிமண்டலம் குறுக்கே மிகக் குறைவாக இருக்கிறது, பார்க்கவும் மிக நல்ல இடம்.

வளையத்தை ஒரே பலகையில் வெட்ட முடியாது. வில் வில்லாக வெட்டி இரண்டு அடுக்காக, கீழ் அடுக்கின் இணைப்பு மேல் அடுக்கின் நடுவில் விழும்படி ஒட்டித் திருகாணி போடுவார்கள். நடுவில் ஓர் ஆணி அடித்து, நீளமான சட்டத்தின் நுனியில் பென்சில் கட்டிச் சுற்றினால் வட்டம் கிடைக்கும். சக்கரத்தைக் கூரையில் வைத்துச் சுவரில் தடம் போடுவதா, சுவரில் சக்கரத்தை மேல்நோக்கிப் பதித்து வளையத்தை அதன் மேல் உட்காரவைப்பதா என்று கேட்பார்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு. சுவர்மேல் தடம் இருந்தால் மணலும் சருகும் செத்த வண்டும் அதில்தான் வந்து சேரும். மேல்நோக்கிய சக்கரத்தில் குப்பை நிற்காது, ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். 3 மீட்டருக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு சக்கரம் வரை வேண்டும். கூரை பக்கவாட்டில் ஓடிவிடாமல் உள்ளிருந்து வளையத்தை அணைத்துப் பிடிக்க குறைந்தது நான்கு பக்கச் சக்கரங்களும் வேண்டும்.

நன்றாகத்தான் சுற்றியது என் கூரை, முதல் மழைக்காலம் வரைக்கும். அதற்குப் பிறகு வடகிழக்கில் ஓரிடத்தில் வந்ததும் நின்றுவிடும். தோளைக் கொடுத்து முட்டினால் ஒரு முனகலோடு நகரும். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன், பேரிங்கை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு பென்சிலைச் சுவரில் அசையாமல் கட்டி, அதன் நுனி வளையத்தின் பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துக் கூரையை மெதுவாகச் சுற்றினேன். மூன்று கை அகலத்துக்கு வளையத்தில் கோடு விழுந்தது, மற்ற இடத்தில் விழவில்லை. அந்த இடத்தில் பிளைவுட் ஈரம் குடித்து 8 மி.மீ. வெளியே பிதுங்கியிருந்தது. இழைத்துவிட்டு, வெட்டு முனைகளுக்கெல்லாம் எபாக்ஸி பிசின் பூசிய பிறகுதான் ஒரு விரலால் தள்ளும் நிலைமைக்கு வந்தது. கட்டும்போதே பூசியிருக்க வேண்டும். பலகையின் முகத்துக்கு மூன்று கோட்டிங் அடிப்பவர்கள் வெட்டு முனையை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் குடிப்பது அந்த வாயால்தான்.

தண்ணீர் என்று வந்துவிட்டதால் இன்னும் இரண்டு இடங்கள். வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தே தீரும். சாரல் அதன் வழியே உள்ளே வராமல் இருக்க, கூரையின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக 10, 15 செ.மீ. பாவாடை தொங்க வேண்டும். திறப்பின் கரைகளை 5 செ.மீ. உயர்த்தி, ஷட்டரின் விளிம்பு டப்பா மூடிபோல் அதன் மேல் கவிழ வேண்டும். ரப்பரை மட்டும் நம்பினால் வெயிலில் அது இரண்டு வருடத்தில் வெடித்துவிடும்.

புயல்காற்றில் கூரை எழும்பிப் போகும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. சுழலும் கூரை தன் எடையால் மட்டுமே சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. லேசாகக் கட்டியதற்குப் பெருமைப்படும் அதே ஆள்தான் அதைப் பக்கத்துத் தோட்டத்தில் தேடவும் போவார். வளையத்துக்கு அடியில் நாக்கு நீட்டும் இரும்புக் கொக்கிகளைச் சுற்றிலும் பொருத்துங்கள். பார்க்காத நாட்களில் அவற்றை இறுக்கிப் பூட்டும்படி இருக்கட்டும்.

கையால் தள்ளுவது அவ்வளவு தொந்தரவா? இல்லை. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 20 செ.மீ. தொலைநோக்கிக்கு 75 செ.மீ. திறப்பு இருந்தால், கண்ணால் பார்ப்பவர் பெரும்பாலும் முக்கால் மணி, ஒரு மணிக்கு ஒரு தடவை கூரையைத் தட்டிவிட்டால் போதும். உச்சிக்கு அருகில் மட்டும் திசை மளமளவென்று மாறும். ஆனால் வானத்தில் இங்கும் அங்கும் தாவித் தாவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் ஒவ்வொரு தாவலுக்கும் கூரையைச் சுற்ற வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. உள்ளே உட்கார்ந்தால் வானம் ஒரு துண்டுதான். எரிநட்சத்திரம் போனதை வெளியே நிற்பவர் சொல்லித்தான் தெரிந்துகொள்வீர்கள்.

## உருளும் கூரை

நான்கு சுவர், அதன் மேல் சாதாரணக் கூரை. கூரையின் அடியில் சக்கரம், சுவரின் மேல் தண்டவாளம். தள்ளினால் கூரை முழுக்க ஒரு பக்கம் போய்விடும், மொத்த வானமும் உங்களுடையது. வட்டமே இல்லை, எல்லாம் நேர்கோடு. கதவு செய்யத் தெரிந்த எந்தத் தச்சரும் வெல்டரும் கட்டிவிடுவார்கள். கூரை போனதும் உள்ளே தேங்கிய சூடும் போய்விடுவதால், கோள் பார்ப்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. குவிமாடத்தில் அதே சூடு திறப்பு வழியாக, தொலைநோக்கியின் பார்வைக்குக் குறுக்காகவே வெளியேறும். தானியங்கியாக்குவதும் எளிது: நகரும் கேட்டுக்குப் போடும் மோட்டார் ஒன்று, கூரை முனைக்கு வந்ததும் அதை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் இரண்டு.

இடத்தைத்தான் இது விழுங்கும். 3 மீட்டர் நீளமுள்ள அறைக்கு 6 மீட்டர் நீளம் தேவை, ஏனென்றால் தண்டவாளம் வெளியேயும் அதே அளவு நீள வேண்டும். அதைத் தாங்கக் கால்கள் வேண்டும், அவற்றுக்கு அஸ்திவாரம் வேண்டும். அறைக்கு மட்டும் கணக்குப் போட்டு ஆரம்பித்தவர்கள் இங்கேதான் மூச்சு வாங்குவார்கள். கூரையை இரண்டாக வகுத்து இருபக்கமும் பாதிப் பாதியாகத் தள்ளலாம். அப்போது நடு இணைப்பு ஒழுகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கூரையை எந்தத் திசைக்குத் தள்ளுவது? வட அரைக்கோளத்தில் வழக்கமாக வடக்கே என்பார்கள், தாழ்ந்த வடவானத்தில் இழப்பு குறைவு என்பதால். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவர்கள் அதை அப்படியே பின்பற்றினால் மாட்டிக்கொள்வார்கள். துருவ நட்சத்திரம் உங்கள் அட்சரேகை எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு பாகை உயரத்தில்தான் நிற்கும். 10 பாகை அட்சரேகையில் இருப்பவர் கூரையை வடக்கே நிறுத்தினால் முதலில் மறைவது அந்த நட்சத்திரம்தான். மவுண்டை நேர்செய்ய வேறு வழி தேட வேண்டிவரும். ஆகவே எந்தத் திசையில் மரமோ விளக்கோ இருந்து வானம் ஏற்கெனவே கெட்டிருக்கிறதோ அந்தத் திசைக்குத் தள்ளுங்கள்.

சுவரின் உயரமும் ஒரு பேரம்தான். மவுண்டின் அச்சு 1.5 மீட்டர் உயரத்தில், சுவர் 1.5 மீட்டர் தள்ளி 1.8 மீட்டர் உயரமாக இருந்தால் அடிவானத்திலிருந்து 11 பாகை போய்விடும். சுவரைத் தாழ்த்தினால் வானம் கிடைக்கும், காற்றும் சேர்ந்து கிடைக்கும். குழிக்கண்ணாடி வைத்த நியூட்டோனியன் தொலைநோக்கியின் நீளமான குழாய் பாய்மரம் மாதிரி. படம் பிடிக்கும்போது ஒரு சிறு காற்று போதும், நட்சத்திரம் எல்லாம் முட்டை வடிவமாகிவிடும். சுவரின் மேல்பாதியைக் கீல் வைத்து மடக்கும்படி செய்வது என் நண்பரின் யோசனை. காற்றில்லாத நாளில் தெற்குச் சுவரை இறக்கிவிடுவார்.

இதில் நெஞ்சைப் பதறவைக்கும் விபத்து ஒன்றுதான்: தொலைநோக்கி நிமிர்ந்து நிற்கும்போது கூரை மூடிக்கொள்வது. கையால் தள்ளுபவருக்குக் கண் இருக்கிறது. மோட்டாருக்கு இல்லை. தொலைநோக்கி படுத்துவிட்டது என்று ஒரு சென்சார் உறுதி சொன்னால் ஒழிய மோட்டார் ஓடக் கூடாது. இல்லையென்றால் நிமிர்ந்த நிலையிலும் கூரை தட்டாத அளவுக்கு உயரம் விட வேண்டும். மின்சாரம் போனால் கையால் மூடும் வழி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மழையும் மின்தடையும் சேர்ந்தேதான் வரும்.

தகரக் கூரை போட்டால் இரவில் அது சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்து, மூடியிருக்கும்போது உள்பக்கம் வியர்க்கும். அந்தச் சொட்டு நேராக மவுண்டின் மேல் விழும். அடியில் பிளைவுட்டோ காப்புப் பலகையோ ஒட்டிவிடுங்கள். வெள்ளை பெயின்ட் பகலில் சூட்டைக் குறைக்கும், ஆனால் இரவில் நன்றாக வெப்பத்தை வீசிக் கூரையை அதிகம் குளிரவைக்கும். பளபளக்கும் அலுமினியப் பரப்பு அவ்வளவு குளிராது. இது குவிமாடத்துக்கும் பொருந்தும்.

## தூணும் உறையும்

கூடமே வேண்டாம் என்ற வழியையும் சொல்லியாக வேண்டும். தூண் மட்டும் நட்டு, மவுண்டை அதிலேயே விட்டு, தண்ணீர் புகாத உறையால் மூடிவிடுவது. குழாயை மட்டும் உள்ளிருந்து தூக்கி வருவது. நேர்செய்யும் வேலை முழுதும் மிச்சம். காற்றுக்கும் விளக்குக்கும் பாதுகாப்பு கிடையாது, ஈரம் உறைக்குள் சிக்கி மின்பலகைகளை அரிக்கும். அதனால் அடியில் காற்றுப் போக வழி விட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள், இன்னும் முடிவுக்கு வராதவர்கள் எல்லோரும் இதில் ஆரம்பிக்கலாம். கொஞ்சம் வசதி கூடியது, சக்கரம் வைத்த சிறு கொட்டகை: மொத்தத்தையும் பின்னால் தள்ளிவிட்டுத் திறந்தவெளியில் பார்ப்பது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஆயத்தக் குவிமாடம் | சொந்தச் சுழல் கூரை | உருளும் கூரை | தூணும் உறையும் |
|---|---|---|---|---|
| காற்று, விளக்கு | மிக நல்ல தடுப்பு | மிக நல்ல தடுப்பு | சுவர் உயரம் வரை | தடுப்பே இல்லை |
| நிலம் | குறைவு | குறைவு | இரு மடங்கு | ஒரு தூண் |
| சூடு வெளியேறல் | மெதுவாக | மெதுவாக | உடனே | பிரச்சினை இல்லை |
| பனி | தாமதம் | தாமதம் | சீக்கிரம் | மிகச் சீக்கிரம் |
| தானியங்கி | சிக்கல் | மிகச் சிக்கல் | எளிது | பொருந்தாது |
| கைத்திறன் | குறைவாகப் போதும் | நிறைய வேண்டும் | சாதாரணத் தச்சுவேலை | கொத்துவேலை மட்டும் |

பட்டியலில் எல்லா வரிக்கும் ஒரே எடை போடாதீர்கள். முதல் இரண்டு வரிகள் மற்ற நான்கையும் தூக்கிச் சாப்பிடும். நாற்காலியில் உட்கார்ந்தபோது ஒரு விளக்கு கண்ணைக் கூசவைத்தது, அதை அணைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை, அது நிற்பது நீங்கள் பார்க்க விரும்பும் திசையில் என்றால் சுழலும் கூரைக்குப் போங்கள். எனக்கு நேர்ந்தது அதுதான். மொட்டை மாடி, கடற்கரை, மேடு என்று காற்று ஓயாத இடத்துக்கும் அதுவே. கொல்லை 4 மீட்டருக்கு மேல் இல்லை என்றாலும் வேறு வழியில்லை. இந்த மூன்றும் இல்லையென்றால் உருளும் கூரையைக் கட்டிவிட்டு, மிச்சமாகும் பணத்தில் நல்ல கண்ணாடி வில்லை வாங்குங்கள். ஒற்றை விளக்குதான் தொந்தரவு என்றால், இரண்டு கம்பத்துக்கு நடுவே கறுப்புத் துணி கட்டியே சமாளிக்கலாம்.

சுழலும் கூரைதான் என்று முடிவானால், ஆயத்தமா சொந்தமா என்பது உங்களிடம் இருக்கும் ஓய்வுநேரத்தைப் பொறுத்தது. எனக்கு அது பதினான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. அந்த மாதங்களில் நான் வானம் பார்த்த இரவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

## தூணை முதலில் ஊற்றுங்கள்

எந்தக் கூரையானாலும் தூண் ஒன்றுதான். ஆகவே கூரை முடிவாகும் முன்பே அதை ஊற்றிவிடலாம். ஒரு கன மீட்டர் காங்கிரீட் சுமார் 2.4 டன். மண் இளகலாக இருந்தால் அடியில் அந்த அளவுக்குப் போடுவது வீண்போகாது. பிற்பாடு தரை போடும்போது தரை தூணைத் தொடாமல் சுற்றிலும் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கால் மாற்றி நிற்பதெல்லாம் படத்தில் தெரியும். மின்சாரத்துக்கும் தரவு வயருக்கும் தனித்தனிக் குழாய்களை இப்போதே புதைத்துவிடுங்கள். தூணின் உயரத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். குவிமாடத்துக்கு மவுண்டின் அச்சுகள் சந்திக்கும் புள்ளி வளையத்தின் மட்டத்தை ஒட்டி, வட்டத்தின் மையத்தில் வர வேண்டும். உருளும் கூரைக்குக் குழாய் படுத்த நிலையில் கூரையைத் தட்டாமல் இருந்தால் போதும். அதனால் காங்கிரீட்டைத் தாழ்வாக நிறுத்தி, மேலே போல்ட் போட்டு ஏற்றும்படி இரும்புக் குழாய் வையுங்கள்.

தூண் காய்ந்ததும் நான்கு மூலையில் குச்சி நட்டு, சுவர் வரவேண்டிய உயரத்தில் கயிறு கட்டி, உறை போட்டு மூன்று நான்கு மாதம் பாருங்கள். கயிற்றுக்குக் கீழே எத்தனை பொருட்களை உண்மையில் பார்த்தீர்கள், எத்தனை இரவு காற்று உங்களை உள்ளே அனுப்பியது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகு தச்சரைக் கூப்பிடுங்கள்.